பத்து மணித் தண்ணீர்

சரியாகப் பத்து மணிக்கு மோட்டார் ஓடத் தொடங்கியது. ஓசூரில் இருந்த சந்திரமோகனின் கைப்பேசிக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்த அரை நிமிடத்தில், அவன் மனைவி கோகிலவாணியின் கைப்பேசி அடித்தது.

"தண்ணி விட்டுட்டியா?"

"மெசேஜ் வந்துச்சுல்லங்க?"

"வந்துச்சு. சத்தம் கேக்கட்டும்."

நனைந்த புல்லில் இரண்டடி எடுத்து வைத்து, சுழன்றுகொண்டிருந்த தெளிப்பானுக்குப் பக்கத்தில் அவள் கைப்பேசியைப் பிடித்தாள். சர்... சர்... என்று தண்ணீர் வீசியது. சுடிதார் கணுக்கால்வரை நனைந்தது.

மாரண்டஹள்ளியில் வீடு கட்டியபோது தோட்டம் அவள் ஆசை. மோட்டாரில் செய்தி அனுப்பும் கருவியை மாட்டியது அவன் ஆசை. "வேலைக்குப் போகட்டுமா?" என்று அவள் கேட்ட மறுவாரமே வாங்கி வந்துவிட்டான். மோட்டார் ஓடினால் அது அவனுக்குச் சொல்லிவிடும். ஓசூரில் இருந்தபடியே அவனால் மோட்டாரைப் போடவும் முடியும். ஆனால் போடமாட்டான். பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் அவள்தான் போட வேண்டும்.

செடிக்குத் தண்ணீர் போனதா என்பதல்ல, அவள் வீட்டில் இருக்கிறாளா என்பதுதான் அவனுக்குத் தெரிய வேண்டியது. ஒருமுறை தவறினாலும் பொம்மிடியிலிருந்து அவன் அம்மா ராணியம்மாள் வந்து கூடவே தங்கிவிடுவார் என்று சொல்லி வைத்திருந்தான். அப்புறம் வாசலைத் தாண்டுவதற்கும் காரணம் சொல்ல வேண்டும்.

"முன்னெல்லாம் பத்தேகால், பத்தரைன்னு இழுப்ப. இந்த மூணு மாசமா டாண்ணு பத்துக்குப் போடுற. பரவால்ல, சொன்னா கேக்குற," என்றான்.

நாய்க்குட்டியைத் தட்டிக்கொடுப்பது போன்ற அந்தப் பாராட்டில் அவளுக்கு உடம்பு கூசியது.

"மூணு வேளை தண்ணி வேணாங்க. செவ்வந்தி வேரெல்லாம் அழுகுது."

"செடி வந்து உங்கிட்ட சொல்லுச்சா?"

"சொல்லுச்சு. இலையெல்லாம் மஞ்சளாப் போயிருக்குது. அது வேற எப்படிச் சொல்லும்?"

இப்படித் திருப்பிச் சொல்ல அவள் பழகியது சமீபத்தில்தான். முதல் தடவை சொன்னபோது அன்று முழுக்க நெஞ்சு படபடத்தது. இப்போதெல்லாம் சொன்ன பிறகு நாக்கில் ஒரு ருசிகூடத் தங்கியது.

"வாய் நீளுது உனக்கு. சரி, கேளு. ஞாயித்துக்கிழமை வந்தப்ப பாத்தேன், கடைசி ரெண்டு தெளிப்பான்ல தண்ணி சொட்டிக்கிட்டுதான் இருக்குது. ஃபில்டர்ல உப்பு அடைச்சிருக்கும். இன்னிக்கு மெக்கானிக் வர்றாரு. மோட்டார் பெட்டிலேருந்து எல்லாத்தையும் பிரிச்சுப் பாக்கச் சொல்லியிருக்கேன்."

மோட்டார் பெட்டிக்குள் அவள் வைத்திருப்பதை வேறு ஒரு கை தொட்டால் போதும், சாயந்திரத்துக்குள் அவனுக்குத் தெரிந்துவிடும். நாளைக் காலை ராணியம்மாள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்குவார்.

"ஃபில்டர்தானேங்க? நானே கழட்டிக் கழுவிடுறேன்."

அவன் சிரித்தான். "ஸ்பேனரை எந்தப் பக்கம் புடிக்கிறதுன்னு தெரியுமா உனக்கு? அந்தாளு வந்தா இடத்தைக் காட்டிட்டு உள்ள போயிடு. கூட நின்னு பேசிக்கிட்டு இருக்காத."

"நான் யாருகிட்ட பேசுறேன்னு அதுவும் மெசேஜ்ல வருமாங்க?"

"வாணி!"

"எந்தக் கடைலேருந்து வர்றாங்க?"

"பாலக்கோட்டுல நிசார் பாய் கடை. இப்பதான் போன் பண்ணேன்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். சுழன்று வந்த தெளிப்பான் முகத்தில் சாரலை வீசிவிட்டுப் போனது. துடைக்கத் தோன்றவில்லை.

"வரட்டுங்க," என்றாள். "வந்து எல்லாத்தையும் பிரிச்சுப் பாக்கட்டும்."

கைப்பேசியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். புல்வெளிக்கு அந்தப் பக்கம், அவர்கள் வேலைக்கு வந்திருந்த பண்ணை வீட்டின் ஸ்பா குளியல் தொட்டியருகே பம்பைக் கழற்றிக்கொண்டிருந்த நிசார் அகமது, கையைத் துடைத்துக்கொண்டே அவளிடம் வந்தார்.

"தெளிப்பான் நல்லாச் சுத்துதே வாணிம்மா! சரி, இந்தத் தொட்டியை நான் பாத்துக்கறேன். உங்க மாரண்டஹள்ளிலேருந்து ஒரு வேலை வந்திருக்கு. வூட்டுக்காரரு ஓசூர்லேருந்து பேசுனாரு. வூட்டுல பொம்பள மட்டும்தான் இருக்குதாம், அதுக்கு ஒண்ணும் தெரியாதாம். கைதேர்ந்த மெக்கானிக்கா அனுப்பணுமாம். அதான் உன்னையே அனுப்பலாம்னு பாக்குறேன்."

கோகிலவாணி குனிந்து ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டாள்.

"மோட்டாரைக் கையிலதான் போடுறாங்களாம். அந்தப் பொம்பள டாண்ணு பத்துக்குப் போட்டுருமாம்," என்றார் நிசார்.

"அது டைமருங்க பாய். நான்தான் மாட்டுனேன்."

"அட, முன்னாடியே போயிருக்கியா? எதுக்கும் அந்தம்மாவுக்கு ஒரு போன் போட்டுட்டுக் கிளம்பு. வூடு பூட்டியிருந்தா வீண் அலைச்சல்."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"பூட்டித்தான் இருக்கும் பாய். சாவி எங்கிட்ட இருக்குது."