அப்பாதுரைக்கு இஞ்சிப் பானகம்

இஞ்சியைத் தட்டும்போதே லோகாம்பாளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

இரண்டு நாளாகக் காய்ச்சலில் எதுவும் வேண்டாமென்று படுத்திருந்த அவள் புருஷன் அப்பாதுரை, இன்று காலையில் அவராகவே வாய் திறந்து கேட்டிருந்தார். தாகமாக இருக்கிறது, பானகம் கரைத்துக் கொடு, இஞ்சி தூக்கலாக இருக்கட்டும் என்று.

அவர் சின்னக் காஞ்சிபுரத்துப் பெருமாளைத் தோளில் சுமக்கிறவர். வைகாசிக் கருட சேவையன்று பெரிய காஞ்சிபுரம்வரை தூக்கிப் போய்த் திரும்பி வந்ததும் ஒரு சொம்பு இஞ்சிப் பானகத்தை அண்ணாந்து, நடுவில் மூச்சு விடாமல் குடித்து முடிப்பார். பதினெட்டு வருஷமாக அவள்தான் கரைத்துக் கொடுக்கிறாள்.

சாறு பிழிந்து வைத்து, வெள்ளை வண்டல் அடியில் தங்கும்வரை காத்திருந்தாள். தெளிந்ததை மட்டும் இறுத்தாள். பானைத் தண்ணீரில் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, இரண்டு எலுமிச்சம்பழம் பிழிந்து, ஏலக்காய் பொடித்துப் போட்டு, ஒரு கல் உப்பும் சேர்த்தாள்.

சொம்போடு அறைக் கதவைத் திறந்தபோது ஆடிக் காற்று அவளோடு உள்ளே புகுந்தது. அப்பாதுரையின் கழுத்து வெட்டி இழுத்தது. குளிர் என்று நினைத்துக் கதவைச் சாத்தினாள்.

அவர் தானாகவே எழுந்து உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் நீட்டினார்.

அவள் சொம்பிலிருந்து டம்ளரில் ஊற்றினாள். அந்தச் சத்தத்துக்கே அவர் முகம் மாறியது. வாங்கிய டம்ளர் வாய்க்குப் போகவில்லை. பாதி வழியில் தொண்டை இறுகி, மூச்சு அடைத்து, நீட்டிய கையே டம்ளரைத் தள்ளியது. சிந்துவதற்குள் அவள் பிடித்துக்கொண்டாள்.

காரம் அதிகமோ என்று வெறும் தண்ணீர் கொண்டுவந்தாள். அதற்கும் அப்படியே. துணியை நனைத்து உதட்டருகே கொண்டுபோனாள். அவர் சுவரோடு சுவராக ஒடுங்கினார்.

யாருக்கும் பயந்து அவள் பார்க்காத ஆள், அழுதார்.

"தாகம் உயிர் போவுது லோகு. ஆனா அதைப் பார்த்தாலே தொண்டையைப் பிடிக்குது. எடுத்துக்கினு போ."

அவருடைய அண்ணன் குமாரவேல் ஓடிப் போய் ஆஸ்பத்திரி காம்பவுண்டர் அந்தோணியை அழைத்து வந்தார். அந்தோணி நாடியைப் பிடிக்கவில்லை. நடந்ததைக் கேட்டார். வாசற்படியிலேயே நின்று, ஒரு டம்ளர் தண்ணீரைத் தூக்கிக் காட்டினார். காட்டியதே போதுமாக இருந்தது. உடனே அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு லோகாம்பாளைக் கொல்லைக்குக் கூப்பிட்டார்.

"நாய் எதுனா கடிச்சுதாம்மா?"

அவளுக்கு யோசிக்க வேண்டியிருந்தது. அது நாய்கூட இல்லை, குட்டி. உற்சவம் முடிந்த மறுநாள், வேகவதிக் கரையில் முள்வேலியில் மாட்டிக்கொண்டு கத்தியது. அப்பாதுரை எடுத்துவிடப் போனார். விரலைக் கவ்விக்கொண்டு விடவில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்ததில் நாலு நாளில் காயம் ஆறிவிட்டது. குட்டி மறுநாளே செத்துக் கிடந்தது. தாயில்லாத குட்டி, பால் இல்லாமல் செத்தது என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

அந்தோணி தலையைக் குனிந்துகொண்டார். இனி எந்த ஊரிலும் இதற்கு மருந்து கிடையாது என்றார். இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். வலிப்பு வரும், முரடாக ஆகிவிடுவார், கட்டிவைப்பதுதான் மற்றவர்களுக்கு நல்லது என்று குமாரவேலிடம் சொன்னார். குமாரவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டே மாட்டுக் கொட்டகையில் கயிறு தேடப் போனார்.

அந்தோணி மறுபடியும் அவள் பக்கம் திரும்பினார்.

"வேற யாரையாச்சும் கடிச்சுதா? இருந்தா சொல்லிடுமா. இப்பவே குன்னூருக்கு ரயில் ஏறணும். நாய்க்கடி ஊசி அங்கதான் போடறாங்க. ரெண்டு வாரம் அங்கயே தங்கிப் போட்டுக்கணும். ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது."

அவள் கொட்டகையைப் பார்த்தாள். குமாரவேல் இரண்டு கயிறுகளை இழுத்துப் பார்த்து, கெட்டியானதை எடுத்தார்.

"இல்லீங்க," என்றாள். "அவரை மட்டுந்தான்."

காம்பவுண்டர் போன பிறகு குமாரவேலிடம் போய், கட்ட வேண்டாம், கடைசிவரைக்கும் நானே பிடித்துக்கொள்கிறேன் என்றாள். உள்ளே யாரும் வர வேண்டாம் என்றும் சொன்னாள்.

பிறகு அடுப்படிக்குப் போய், அவருக்கு ஊற்றிய பானகம் அப்படியே இருந்த டம்ளரைக் கையில் எடுத்தாள். வெகுநேரம் அதையே பார்த்தாள். கண்ணை மூடாமல் ஒரு மிடறு குடித்தாள்.

இறங்கியது.

சேலையைக் கொஞ்சம் உயர்த்தினாள். வலது கெண்டைக்காலில் இரண்டு சிறு வடுக்கள் வெளுத்துத் தெரிந்தன. அவருடைய விரலை விடுவிக்க அவள் குட்டியின் வாயைப் பிரித்தபோது, அது திமிறிக் கீழே விழுந்து அவளைக் கடித்தது. அவர் பதறுவாரே என்று அன்றைக்கு அவரிடம்கூடச் சொல்லவில்லை.

மிச்சத்தையும் ஒவ்வொரு மிடறாகக் குடித்தாள். எல்லாம் இறங்கியது.

உள்ளேயிருந்து அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவரிடம் போனாள்.