கவர் போன வழி

கார் அம்மணமாக நின்றது.

கடலுக்குப் போய்த் திரும்பிய தனசேகர் வாசலிலேயே நின்றுவிட்டான். விடியலில் தன் கையால் போர்த்திவிட்டுப் போன வெள்ளி நிறக் கவரைக் காணோம். அதை வண்டிக்கு அடியில் விட்டுக் கட்டிய கயிறு மட்டும் அழகாகச் சுருட்டி, படியில் வைக்கப்பட்டிருந்தது.

மேலைக்காற்று மணலை வாரி வாரி பானெட்டில் அடித்தது. அவனுக்குத் தன் கன்னத்திலேயே அறை விழுந்ததுபோல வலித்தது.

செகண்ட் ஹேண்ட் கார்தான். ஆனாலும் பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். இன்ஜின் சூடு ஆறாமல் கவர் போடமாட்டான். போடுவதற்கு முன் வண்டிமேல் ஒரு பொட்டு மணல் இருக்கக் கூடாது, கவரில் துளி ஈரம் இருக்கக் கூடாது.

போன மாதம் அவன் மனைவி இளவரசி, வலையை அலசுவதுபோல அந்தக் கவரையும் ஏரியின் உப்புத் தண்ணீரில் அலசி, காயவைத்து மாட்டிவிட்டாள். உப்பு காய்ந்து பொரிந்து, காற்றில் கவர் அசைய அசைய பானெட் முழுக்கக் கீறல். அன்றைக்கு அவன் போட்ட கூச்சலில் லைட்ஹவுஸ் குப்பமே கூடிவிட்டது.

"இனிமே நல்ல தண்ணில தொவச்சா தொவை. இல்லன்னா அத்தத் தொடவே தொடாத!"

"குடிக்கவே லாரித் தண்ணி. நல்ல தண்ணிக்கு நான் எங்க போவேன்?" என்று அவள் முனகியது அவன் காதில் ஏறவில்லை.

இப்போது கவரே போய்விட்டது. அவளுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மீன் ஏலத்தில் நிற்பாள், அந்த இரைச்சலில் எங்கே கேட்கப்போகிறது என்று வைத்துவிட்டான்.

சந்தேகம் நேரே பெரியசாமி மேல் போய் நின்றது. ஏரியில் வலை போடும் முறை யாருடையது என்று போன வாரம்தான் இருவருக்கும் கைகலப்பு. "உன் காரு திமிர அடக்கறேன் பாரு" என்று பெரியசாமி கத்தியதை ஊரே கேட்டது.

"தனசேகரு! ஓடியா!"

ஏரிக்கரையிலிருந்து காந்தாவின் குரல். அங்கே கருவாடு காயப்போட்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி.

ஓடினான். ஏரி கொந்தளித்துக் கிடந்தது. இன்ஜின் நின்றுபோன படகு ஒன்றைக் காற்றும் வடிகிற தண்ணீரும் சேர்ந்து, ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரத்தை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தன. அலை உடைகிற அந்த இடத்தில் மாட்டினால் படகும் மிஞ்சாது, ஆளும் மிஞ்சாது.

"பெரியசாமி படகுடா. ரெண்டு தல தெரிது. கழிய நட்டு எத்தையோ பாயாட்டம் கட்டிகீறாங்க பாரு."

அது வெயிலில் பளபளத்தது. வெள்ளி நிறம். தனசேகருக்கு உச்சி மண்டை கொதித்தது.

"என் கவரு! அக்கா, அது என் காரு கவரு! திருட்டுப் பய!"

"கவரு கெடக்கட்டும். கரையில இன்ஜினோட நிக்கிறது உன் படகு ஒண்ணுதான். மத்ததெல்லாம் கடலாண்ட கீது. போய் கயிறு போட்டு இழுத்தாந்துடு."

"நான் போவமாட்டேன்."

"ரெண்டு உசுருடா!"

"எடுத்தான் இல்ல? அந்தக் கவரையே போத்திகினு போவட்டும்."

காந்தா அவன் கையைப் பிடித்து இழுத்தாள். உதறினான். அவள் குனிந்து அவனுடைய படகுக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். அவன் அதைக் காலால் மிதித்துக்கொண்டான்.

'போடா, போய்க் காப்பாத்து' என்று நெஞ்சின் ஒரு மூலை சொல்லத்தான் செய்தது. ஆனால் கீறல் விழுந்த பானெட்டும், கைகலப்பில் ஊரார் பார்த்துச் சிரித்த சிரிப்பும் கூடவே வந்து நின்றன. வீம்பு வந்தவனுக்குக் கண் தெரியாது.

காற்று ஓங்கி ஒரு அறை விட்டது. கவர் உப்பி, நடுவில் கிழிந்து, கழியோடு தண்ணீரில் விழுந்தது. படகு ஒரு சுற்றுச் சுற்றி, அலை உடையும் பக்கம் வேகமெடுத்தது.

அதுவரை படகுக்குள் குனிந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த உருவம் நிமிர்ந்தது. கரையைப் பார்த்து இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டியது.

"உன்னத்தான்டா கூப்பிடுது, பாவி!" காந்தா அழுதேவிட்டாள்.

"கூப்பிடட்டும்."

அப்போது அவன் போன் அடித்தது. இளவரசியின் நம்பர்.

"எங்கடி தொலஞ்ச? இங்க கவரு திருடு போயிகீது, நீ ஏலத்துல நின்னுகினு..."

"மாப்ள, நான் அத்தை பேசறேன்." அக்கரையிலிருந்து மாமியாரின் குரல். "கவரத் தொவைக்கணும்னு காலைல எங்க கெணத்துக்கு வந்தா. போன மறந்து இங்கயே வுட்டுட்டு, வேற படகு இல்லன்னு பெரியசாமி படகுல ஏறிட்டா, இப்பதான் பாத்தேன். வந்து சேந்துட்டாளா?"