உலகப் படத்தில் பத்துப் பொட்டு

“பத்து ஊரு வரைக்கும் எறங்கலாம்னா, அப்புறம் இன்னாத்துக்கு ஆறோட நிறுத்திட்டீங்க?” என்று மனைவி சம்பூர்ணம் கேட்டதும் இராமலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை.

கூடத்துச் சுவரில் உலகப் படம் தொங்கியது. அதில் ஊர்களைக் குறிப்பதற்குத் தன் ஸ்டிக்கர் பொட்டு அட்டையையே எடுத்துக் கொடுத்திருந்தாள் சம்பூர்ணம். இப்போது இன்னும் நாலு பொட்டைப் பிய்த்து விரல் நுனிகளில் ஒட்டிக்கொண்டு தயாராக நின்றாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் துறைமுகக் கிரேன் செய்யும் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் சர்வீஸ் இன்ஜினீயராக இருந்தவர் அவர். கிரேன் எந்த தேசத்தில் மக்கர் செய்தாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பறந்துவிடுவார். மகள் பெரியவளானபோது டர்பனில் இருந்தார். புது வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது ஒசாகாவில் இருந்தார்.

ஃபியூஸ் போனாலும், கேஸ் தீர்ந்தாலும், கொல்லைப்பக்கம் பாம்பு வந்தாலும் சம்பூர்ணம் ஒருத்தியாகத்தான் சமாளித்தாள். வழியனுப்பக்கூட மீனம்பாக்கம் விமான நிலையம் வரை அவள் வந்ததில்லை. அந்த உறுத்தல் ரிட்டையர் ஆன பிறகுதான் மனுஷனைப் பிடித்துக்கொண்டது.

நல்லவேளையாக, அவர் பறந்த தூரத்தையெல்லாம் விமானக் கம்பெனி மைல் மைலாக அவர் பேரில் சேர்த்து வைத்திருந்தது. அதைக் கொடுத்தால் உலகத்தைச் சுற்றிவர இரண்டு டிக்கெட் இனாம். ஆனால் 2007 டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் பதிவு செய்யாவிட்டால் அத்தனை மைலும் காலாவதி. அதற்கு இன்னும் இரண்டே வாரம்தான் இருந்தது.

“கெழக்கால கெளம்பினா கெழக்காலயேதான் போய்க்கினே இருக்கணும். நடுவுல திரும்பக் கூடாது. அது ரூலு” என்றார் இராமலிங்கம்.

“ஊட்டுக்குக் கூட வரக் கூடாதா?”

“கூடாது.”

“நல்ல ரூலுதான்” என்று ஒரு பொட்டை ஒட்டினாள் சம்பூர்ணம். “எத்தினி நாள்ல முடிக்கணுமாம்?”

“ஒரு வருசம் டைம் குடுத்துக்கிறான். நான் நாப்பது நாள்னு பிளான் போட்டுக்கிறேன்.”

“அவனே ஒரு வருசம் குடுத்துக்கிறான், நாப்பதே நாள்ல ஓடியாந்துட்டா எப்டிங்க? ஒவ்வொரு ஊரையும் நின்னு நெதானமா பாக்க வேணாவா?”

இவளுக்குள் இத்தனை ஆசையா என்று இராமலிங்கம் உருகிப்போனார். இனி ஒரு நாளும் இவளைத் தனியாக விடுவதில்லை என்று மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டார்.

ஜூன் மாசம் ரிட்டையர் ஆனதிலிருந்தே அவளுக்குத் தன்னாலான ஒத்தாசையெல்லாம் அவர் செய்துகொண்டுதான் இருந்தார். பருப்பு டப்பாக்களுக்குத் தேதிச் சீட்டு ஒட்டினார்; குக்கர் விசிலைக் குறிக்க நோட்டுப் போட்டார். வாசலில் செருப்பு விடுவதற்கு மஞ்சள் பெயின்ட்டில் கட்டம்கூட அடித்துக் கொடுத்தார். கட்டத்தை விட்டு ஒரு விரல் நகர்ந்தாலும், அடுப்படியில் இருப்பவளைக் கூப்பிட்டுப் பொறுமையாக எடுத்துச் சொல்வார். கம்பெனியில் நாற்பது பேர் கற்றுக்கொண்டதை இவள் ஒருத்தி கற்றுக்கொள்ள மாட்டாளா என்ன!

பக்கத்து வீட்டு மெஹர்னிசா வாசலில் குனிந்து, செருப்பைக் கட்டத்துக்குள் நேராக வைத்துவிட்டு உள்ளே வந்தாள். புதுவாயலில் அவள் வீட்டுக்காரர் முஸ்தபாவுக்குத் துணிக்கடை. கையில் ஒரு பை.

“அக்கா, நீங்க கேட்ட ஸ்வெட்டரு, கொரங்கு குல்லா. ஒரு செட்டுதான் கொணாந்தேன்.”

“ஒண்ணு போதும் மெஹரு.”

இராமலிங்கம் உள்ளூரச் சிரித்துக்கொண்டார். திருத்தணி மலையைத் தாண்டாதவளுக்கு வெளிநாட்டுக் குளிரைப் பற்றி என்ன தெரியும்! ஒசாகாவில் இறங்கியதும் அவளுக்கு நல்லதாக ஒன்று வாங்கிவிடலாம்.

மெஹர்னிசா உலகப் படத்தை வாயைப் பிளந்து பார்த்தாள். “இன்னாண்ணே, மெய்யாலுமே ஒரு வருசமா?”

“உங்க அக்கா ஒத்தக்கால்ல நிக்கிறாம்மா. நான் இன்னா பண்ண?”

“அக்கா குடுத்து வெச்சவங்கண்ணே!”

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அப்படியொரு சிரிப்புச் சிரித்தார்கள். இராமலிங்கத்துக்குப் பெருமை தாங்கவில்லை. தன் பங்குக்கு ஒரு பொட்டை எடுத்து, பசிபிக் சமுத்திரத்தின் நடுவில் எங்கேயோ ஒட்டிவிட்டார்.

திங்கட்கிழமை காலை மின்சார ரயிலைப் பிடித்து, சென்னையில் இருக்கும் விமானக் கம்பெனி ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சம்பூர்ணம் மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையைக் கட்டியிருந்தாள். தலை நிறைய மல்லிகை. ரயிலில் வழி நெடுக முகத்தில் சிரிப்பு குறையவே இல்லை.

கவுன்ட்டரில் இருந்த பெண் கவிப்பிரியா, ஊர் ஊராகக் கம்ப்யூட்டரில் தட்டினாள். பத்து ஊர், ஒரு வருஷம், எல்லாம் சரியாக உட்கார்ந்தது.

“ஃபர்ஸ்ட் டிக்கெட் உங்க பேர்ல போட்டாச்சு சார். செகண்ட் டிக்கெட்டுக்குப் பேர் சொல்லுங்க.”

இராமலிங்கம் புது மாப்பிள்ளை மாதிரி நெளிந்தார். மனைவியை முழங்கையால் மெல்ல இடித்தார். “சொல்லு சம்பூர்ணம். உன் வாயாலயே சொல்லு.”

சம்பூர்ணம் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கவுன்ட்டர் பக்கம் குனிந்தாள்.

“அதுலயும் இவரு பேரையே போடும்மா. ரெண்டு ரவுண்டா சுத்திக்கினு வரட்டும்!”