விளக்கு வைத்த பிறகு

மூன்று நாளாக விடாத மழையில் குளத்துக்கரை உடைந்து, சங்கரன்கோவில் போகிற சாலை தண்ணீருக்குள் கிடக்கிறது. இசக்கித்துரை அண்ணாச்சியின் பலசரக்குக் கடைக்குள் முழங்கால் வரை சேறோடு நிற்கிறாள் கோமதித்தாய். கரண்டு இல்லை. மேகம் கறுத்துக்கொண்டு வந்ததால் மத்தியானமே ஏற்றிவிட்ட அகலின் சுடர் எண்ணெய் டின்களில் மினுங்குகிறது. அரிசி, மெழுகுவத்தி, தீப்பெட்டி, ரொட்டி, தார்ப்பாய் என்று கேட்டதெல்லாம் வாசலில் நிற்கும் டிராக்டரில் ஏறிவிட்டது. பள்ளிக்கூட மாடியில் ஒதுங்கியிருக்கும் எண்பது பேருக்கு இன்று அவள்தான் கஞ்சி காய்ச்ச வேண்டும்.

“அஞ்சு கிலோ கல்லுப்பும் போடுங்க அண்ணாச்சி.”

தராசை எடுக்கப் போன அவர் கை நின்றுவிடுகிறது. “விளக்கு வச்சாச்சுல்லா தாயி. இனி உப்பைக் குடுத்தா லெச்சுமி போயிருவா. காலையில வா.”

“மணி மூணுதான் ஆவுது.”

“மணி எத்தனையா இருந்தா என்ன? விளக்கு வச்சாச்சே.”

கூரைத் தகரத்தில் மழை இரைகிறது. கோமதித்தாய் முந்தானையில் கையைத் துடைத்துக்கொள்கிறாள். ஊதாமல், சாமி விளக்கைக் குளிர வைக்கிற பக்குவத்தில், திரியை ஒற்றை விரலால் எண்ணெய்க்குள் இழுத்துவிடுகிறாள். சுடர் அடங்கிப் புகை மணக்கிறது. பையை விரித்துப் பிடித்தபடி நகராமல் நிற்கிறாள். இருட்டில் ஒரு பெருமூச்சு கேட்கிறது. பிறகு சாக்கின் வாய் அவிழ்கிறது. கல்லுப்பு சரசரவென்று விழ விழ அவள் கைகள் தாழ்கின்றன. பையை முடிந்து இடுப்பில் ஏற்றிக்கொண்டு வாசலுக்கு வந்த பிறகுதான் திரும்பிப் பார்க்கிறாள்.

“இனி ஏத்திக்கிடுங்க அண்ணாச்சி.”