மழைக்காரரின் நோட்டு

“வீட்டுல உக்காந்துக்கிட்டே எழுதுனீங்களா?”

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெண் அதிகாரி நோட்டை மேசைமேல் போட்டார். அவருக்கு முழங்கால்வரை சேறு. விடிந்ததிலிருந்து ஊருக்குள் வெள்ளத்தில் நடந்தவர்.

எதிரே நின்ற கிழவரை அலுவலகத்தில் எல்லோரும் மழைக்காரர் என்பார்கள். தினமும் காலை எட்டு மணிக்கு மழைமானியில் சேர்ந்த தண்ணீரை அளந்து நோட்டில் எழுதவேண்டும். இருபத்திரண்டு வருடமாக அந்த ஒரே வேலை.

“ஊர் பாதி முழுகிக் கிடக்கு. இன்னிக்குக் காலைல வெறும் இருபது மில்லிமீட்டர்னு எழுதியிருக்கீங்க.”

“இருந்ததத்தானேம்மா எழுத முடியும்?”

“வருஷா வருஷம் மழை குறையுதுன்னு உங்க நோட்டுதான் சொல்லிச்சு. இத நம்பித்தான், இனி ஓடையில வெள்ளம் வராதுன்னு கரையோரம் இருநூறு வீட்டுக்கு அனுமதி குடுத்தோம்.”

மழைக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பினார். அந்த இருநூறில் ஒன்று அவர் மகளுடையது. அவள் சுவரோரம் ஈரப் புடவையோடு நின்றிருந்தாள். தோளில் குழந்தை தூங்கியது. அந்த வீட்டில் மிஞ்சியது அவ்வளவுதான்.

“உன்னக் கேட்டுட்டுத்தானேப்பா அங்க வீடு கட்டுனேன். நெஜமாவே அளந்தியா நீ?”

அதிகாரி கேட்டபோது வலிக்காதது இப்போது வலித்தது. கிழவர் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“ஒரு நாள் தப்புனதில்ல. உன் கல்யாணத்தன்னிக்கே அளந்துட்டுத்தான் வந்தேன். உங்கம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். வெயில்ல தண்ணி ஆவியாப் போயிட்டா அளவு தப்புமேன்னு, வேலைக்குச் சேந்த வருஷமே பக்கத்துல ஒரு மரக்கன்னு நட்டுத் தண்ணி ஊத்துனேன். அப்படிப் பாத்துக்கிட்டதும்மா அது.”

“அப்போ மழைமானி ஓட்டையா இருக்கும்,” என்றாள் மகள். அப்படித்தான் இருக்கவேண்டும் என்று கெஞ்சுவதுபோல இருந்தது குரல்.

“ஓட்டையா இருந்தா தப்பிச்சார். இல்லேன்னா வேலையும் போச்சு, கேசும் உண்டு. வாங்க, காட்டுங்க.”

இத்தனை வருடத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து மழைமானியைப் பார்க்க வந்த முதல் ஆள் இவர்தான். நோட்டு மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது. காகிதம் வந்தால் போதும், கால் நோவானேன் என்று இருந்துவிட்டார்கள்.

மறுபடி மழை பிடித்துக்கொண்டது. அதிகாரி குடைக்குள் நடந்தார். மகள் குழந்தையோடு பின்கட்டு வாசற்படியில் நின்றுவிட்டாள். கிழவர் தொப்பலாக நனைந்து முன்னால் போனார்.

அதிகாரி மழைமானியின்மேல் குனிந்தார். விரலால் சுற்றிலும் தடவினார். ஓட்டை இல்லை. விரிசல் இல்லை. கொட்டுகிற மழைக்கு உள்ளே தண்ணீரும் அதிகமில்லை.

“நல்லாத்தானே இருக்கு,” என்று நிமிர்ந்தார். குடை தலைக்குமேல் கிளையில் மாட்டிக்கொண்டது.

மழைக்காரர் அதை மெதுவாக எடுத்துவிட்டார்.

“குடைய மடக்கிக்குங்கம்மா. எவ்வளவு பேஞ்சாலும் இங்க நனையாது.”