இரண்டாவது தட்டு

அவள் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

சுவரில் ரசாயனக் கம்பெனி காலண்டர். போன மாதத் தாளை யாரும் கிழிக்கவில்லை.

பின்னால், மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தாள் டெக்னீஷியன் நவமணி அக்கா. மருந்தைச் செய்த அவளே எண்ணக் கூடாது. கண் ஆசைப்பட்டு இரண்டு கூடுதலாகப் பார்த்துவிடும்.

அக்காவின் உள்ளங்கையில் எண்ணும் கருவி. உயிரோடிருக்கும் செல் ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். செத்தது நீலச் சாயம் குடித்துக் கிடக்கும். அதற்கு டிக் கிடையாது.

முதல் தட்டில் மூளைக் கட்டியின் செல்கள்.

ஒரு டிக் கூட இல்லை.

ஐயோ, அந்த அமைதி! அக்காவைத் தூக்கித் தட்டாமாலை சுற்ற வேண்டும் போலிருந்தது அவளுக்கு. கட்டிக்குப் பசி அதிகம். அமினோ அமிலம் என்றால் அள்ளி விழுங்கும். அதைப் போலவே தன் மருந்தை ஜோடித்து அனுப்பியிருந்தாள். தின்று ஏமாந்தது.

ஆனால் கொல்வது என்ன பெரிய காரியம்? பினாயிலை ஊற்றினாலும்தான் சாகும்.

அக்கா இரண்டாவது தட்டை எடுத்து வைத்தாள்.

அதே மருந்து. அதே அளவு. இதில் இருப்பவை நல்ல மூளைச் செல்கள்.

மூன்று முறை மாற்றி மாற்றிச் செய்தும் இங்கேதான் சறுக்கியது. கட்டியோடு நல்லதும் சேர்ந்தே செத்தது. "நாலாவது தடவையும் இப்படின்னா மூட்டை கட்டிடலாம்மா" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். நான்கு வருடப் பாடு.

டிக் இல்லை.

சற்றுமுன் இனித்த அதே அமைதி. இப்போது கசந்தது.

"அக்கா..."

"சும்மா இருடி. இன்னும் ஃபோகஸே பண்ணல."

குமிழ் திருகும் சத்தம்.

டிக்.

ஒன்று தப்பித்தவறிப் பிழைத்திருக்கலாம். போன முறைகூட ஏழு இருந்தது.

டிக். டிக். டிக்.

ஏழு தாண்டியது.

பத்து வரை விரல் மடக்கினாள். பிறகு விரல் போதவில்லை. காலண்டரின் எண்கள் கலங்கித் தெரிந்தன.

டிக்டிக்டிக்டிக்.

அக்கா கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"போய் டீ சொல்லிட்டு வாடி. இது இப்போதைக்கு முடியாது."