பஸீர் வீட்டுப் பங்கு

"ஹப்ஸா! ஃப்ரீஸர்ல வெச்ச பேரிங் எங்க?"

மஜீட் போட்ட சத்தம் கொட்டாஞ்சேனைச் சந்தி வரைக்கும் கேட்டிருக்கும். கையெல்லாம் கிறீஸ். திறந்து கிடந்த ஃப்ரீஸருக்குள் ஐஸைத் தவிர ஒன்றுமில்லை.

"பேரிங்கா? அதுக்குள்ள குர்பான் இறைச்சிதானே இருந்திச்சி?" அடுப்படியில் நின்ற ஹப்ஸா திரும்பாமலே சொன்னாள். "பெருநாள் பங்கை இனியும் வெச்சிக்கிட்டு இருக்க ஏலுமா? காலையில எல்லாத்தையும் கிளறன்ஸ்ட ஓட்டோவில ஏத்தி வீடு வீடா அனுப்பிட்டேன்."

"யா அல்லாஹ்! கறுப்புப் பையில சுத்தி வெச்சிருந்தேனே!"

"எல்லாப் பங்கும் கறுப்புப் பையிலதான்."

மஜீட் தலையில் கை வைத்தான். தலையிலும் கிறீஸ்.

கீழே அவனுடைய கராஜில் நின்றது பள்ளிவாசல் நிவாரணக் குழுவின் எட்டுச் சக்கர வண்டி. தரையிலும் ஓடும், தண்ணீரிலும் மிதக்கும். களனி ஆறு பெருகி, வெல்லம்பிட்டியவில் ஓர் ஒழுங்கைத் தெருச் சனம் முழுவதும் மேல்மாடியில் ஏறி உட்கார்ந்திருந்தது. பாதி வழி தண்ணீர், பாதி வழி சேறு. படகு போகாது, இந்த வண்டிதான் போக வேண்டும். அங்கே மாட்டிக்கொண்டவர்களில் அஸ்கா என்ற பிள்ளைத்தாய்ச்சியும் ஒருத்தி. இடுப்பு வலி தொடங்கிவிட்டதாம்.

வண்டியின் அச்சுப் பேரிங் தேய்ந்துபோயிருந்தது. பேரிங் தேய்ந்தால் அச்சு ஆடும். அச்சு ஆடினால் தண்ணீரைத் தடுக்கும் சீல் கிழிந்து, ஆட்களோடு நடுத்தண்ணீரில் வண்டிக்குள் வெள்ளம் ஏறும். குளிர வைத்தால் இரும்பு கொஞ்சம் சுருங்கி, பேரிங் தன் கூட்டுக்குள் சுலபமாக இறங்கும் என்றுதான் புதுப் பேரிங் இரண்டையும் ஃப்ரீஸரில் வைத்திருந்தான். வேறு வாங்கலாமென்றால் கடைத்தெரு முழுக்கப் பூட்டு.

போதாக்குறைக்கு, பழைய பேரிங்கில் ஒன்று துருப்பிடித்து அச்சோடு ஒட்டிக் கிடந்தது. அதைப் பிடுங்கப் போய், பேரிங் கழற்றும் கருவியான அவனுடைய புல்லரின் நகம் உடைந்ததுதான் மிச்சம்.

"கிளறன்ஸுக்கு அடிச்சுக் கேளு, சுணங்காம!"

ஹப்ஸா போனில் கதைத்துவிட்டு வந்தாள். "பாரமான பையொண்டு இருந்திச்சாம். அதை முகத்துவாரத்துல குடுத்திட்டாராம்."

"முகத்துவாரத்துல ஆருக்கு?"

"பஸீர் தம்பிக்கு."

மஜீட் ஃப்ரீஸர் கதவை அறைந்து சாத்தினான். பஸீர் அவனுடைய கூடப்பிறந்த தம்பி. மூத்த மகள் கல்யாணத்துக்கு நானா, அதாவது அண்ணன், நேரில் வந்து சொல்லாமல் வட்ஸ்அப்பில் கார்ட் அனுப்பினார் என்று கோபித்துக்கொண்டு போனவன். அன்றிலிருந்து இவனும் அவனோடு கதைப்பதில்லை, அவனும் இவனோடு கதைப்பதில்லை.

"அவனுக்குப் பங்கு வேணாம்னு சொன்னேனா இல்லையா?"

"வாப்பா ஒருத்தர்தானே ரெண்டு பேருக்கும்? தம்பிக்கு மட்டும் பங்கு இல்லாட்டி ஊர் என்ன சொல்லும்? இப்ப போய்க் கேளுங்க."

"நான் போறதா? அவன்ட வாசலுக்கா? சும்மா இரு."

போன் அடித்தது. நிவாரணக் குழுவிலிருந்து. "மஜீட் நானா, வண்டி முடிஞ்சா? அந்தப் புள்ளைக்கு வலி கூடிட்டுதாம்."

மஜீட் போனை வைத்தான். கையைக் கூடத் துடைக்கவில்லை. "என்ட மானம் போனாப் போகட்டும்," என்று முணுமுணுத்துக்கொண்டு தடதடவென்று படியிறங்கினான்.

கராஜ் வாசலில் ஓர் ஓட்டோ வந்து நின்றது. இறங்கியது பஸீர். ஒரு கையில் ஐஸ் பெட்டி. மறு கையில் வாப்பாவின் பழைய பெரிய புல்லர்.

"என்ன நானா, ஒரு வார்த்தை இல்லாம பேரிங்கை மட்டும் அனுப்பியிருக்கீங்க? வாப்பாட புல்லர் என்னட்டத்தானே இருக்கு, பழசு கழறயில்லைன்னு பாத்ததுமே விளங்கிட்டு. அதான் ஓடி வந்தேன்."

"இல்லடா, அது வந்து..."

படியில் நின்ற ஹப்ஸா கண்ணை உருட்டினாள். மஜீட் தம்பியின் கையிலிருந்து ஐஸ் பெட்டியை வாங்கிக்கொண்டான்.

"உள்ள வா," என்றான்.

பிறகு கதை வளர்க்க நேரமில்லை. பெரிய புல்லரின் நகங்கள் பழைய பேரிங்கைக் கவ்வின. பஸீர் முறுக்க, மஜீட் அச்சைப் பிடித்துக்கொள்ள, 'டக்' என்று கழன்று விழுந்தது சனியன். புதுப் பேரிங் குளிரோடு கூட்டுக்குள் இறங்கியது. புதுச் சீல், புதுக் கிறீஸ். சக்கரத்தைச் சுற்றிவிட்டால் சத்தமே இல்லை. வண்டி புறப்பட்டுப் போனது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகுதான் போன் வந்தது. "அஸ்காவை நேரத்துக்கு ஆஸ்பத்திரியில சேத்துட்டோம் நானா. பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் சுகம். வண்டிக்குள்ள சொட்டுத் தண்ணி ஏறயில்லை."

"அல்ஹம்துலில்லாஹ்!" மஜீட் தம்பியை இழுத்துக் கட்டிப்பிடித்தான். காலையிலிருந்து நெஞ்சை அமுக்கிய பாரம் அப்படியே இறங்கிப் போனது.

"சட்டையெல்லாம் கிறீஸ், விடுங்க," என்று பஸீர் சிரித்தான். "ரெண்டாவது மகள்ட கல்யாணத்துக்கும் வட்ஸ்அப் தானா?"

"போடா!"

பஸீர் கைகழுவப் போனான். மேலே, எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டில் சோறு போட்டு, இறைச்சிக் கறியை அள்ளி வைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் மஜீட் மெல்லக் குனிந்து, "நல்ல காலம் புள்ள, நீ பையை மாத்தி அனுப்பினது," என்றான்.

"மாத்தியா? இரும்புக்கும் இறைச்சிக்கும் பாரம் தெரியாத பொம்பளையா நான்?" என்றாள் ஹப்ஸா. "உங்கட புல்லர் உடைஞ்ச சத்தம் கேட்டதுமே, 'நானா தந்தனுப்பினார்'னு சொல்லச் சொல்லி, கிளறன்ஸை முதல்ல முகத்துவாரத்துக்குத்தான் அனுப்பினேன்."